எழுபது கிலோ மானந்தர் சாரும் ஒன்பது கோவேறு கழுதைகளும்

நாலுங்,
அசோஜ் மாதம், சனிக்கிழமை மாலை.

பெருமதிப்பிற்குரிய டம்பர் மாமாவுக்கு, உங்கள் வாடகைச் சைக்கிள் கடையில் உங்கள் முக்காலியில் உட்கார்ந்து, தங்கை மகள் பிபிஷா பணிவோடு வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே போக்ராவில் நீங்களும், உங்களைக் கவனித்துக்கொள்ளும் மாய்ஜு மாமியும், உங்கள் வயிற்றுத் தையலும் சுகமாக இருக்க வேண்டும். எடுத்த பித்தப்பைக் கல்லைப் பாட்டிலில் போட்டுத் தந்தார்களாமே, அதுவும் பத்திரமாக இருக்கட்டும். ஊரில் பலர் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

வியாழக்கிழமை நீங்கள் போனில் "கடை எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு நான் "ம்" என்றேன். "பாதை?" என்றீர்கள். அதற்கும் "ம்" என்றேன். "பிரச்சினை ஒண்ணும் இல்லியே?" என்றதற்கும் அதையேதான் சொன்னேன். மூன்றில் முதலாவது பாதி உண்மை. மற்ற இரண்டும் உண்மை இல்லை. போனில் எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதினால் வரும். அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் சிரிக்கவும் கூடாது, கோபப்படவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஆகவே மாய்ஜு முதலில் தனியாகப் படித்துவிட்டு, எந்த இடத்தை உரக்க வாசிக்கலாம், எதை விழுங்கிவிடலாம் என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

மாமா, நீங்கள் சொன்ன எதையும் நான் மறக்கவில்லை. ஜீப்பின் பின்சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தபோதுகூட நீங்கள் கடவுளைக் கூப்பிடவில்லை. "காத்து, வளையம், சிவப்புத் திருகு" என்றுதான் முனகினீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று டிரைவர் பயந்து வண்டியை வேகமாக ஓட்டினார். எனக்கு மட்டும் புரிந்தது. சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குள் இருப்பது இரும்பு ஸ்பிரிங் இல்லை, காற்று. ஆள் என்ன எடையோ அதற்கேற்ற காற்று அடிக்க வேண்டும், கதவின் உள்பக்கம் அட்டவணை ஒட்டியிருக்கிறது. காற்று அடித்த பிறகு ஆளை ஏற்றி உட்கார வைத்து, ஃபோர்க்கின் பளபளப்பான காலில் இருக்கும் ரப்பர் வளையம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். ஃபோர்க் மொத்தம் எவ்வளவு அமுங்குமோ அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நகரக் கூடாது. சிவப்புத் திருகு, அமுங்கிய ஃபோர்க் எந்த வேகத்தில் எழ வேண்டும் என்பதற்கு. விருந்தாளி வந்தால் அடுப்படியில் இருந்து எழுந்திருப்போமே, அந்த வேகம். நெருப்புச் சுட்டவர் போலத் துள்ளவும் கூடாது, வயிறு முட்டத் தின்றவர் போல அசைந்து அசைந்து எழவும் கூடாது. எல்லாம் நினைவிருக்கிறது. நினைவிருப்பது ஒன்று, செய்வது ஒன்று. அங்கேதான் சிக்கல்.

திங்கட்கிழமை காட்மாண்டுவிலிருந்து மூன்று சார்கள் வந்தார்கள். மூவரும் ஒரே பேங்க்கில் வேலை. அதில் மானந்தர் சார் என்பவர் நல்ல உயரம், நல்ல அகலம், நல்ல மனிதர். அவர் உட்கார்ந்ததும் நம் கடைப் பெஞ்சின் மறுமுனையில் இருந்த நண்பர் நாலு விரற்கடை உயர்ந்தார். நான் நோட்டுப் புத்தகத்தை நீட்டி, "எடை" என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

"எழுபது," என்றார்.

ஒரு நண்பர் இருமினார். இன்னொருவர், "எந்த வருஷம்?" என்று கேட்டார்.

"எழுபதுன்னா எழுபதுதான்டா. கிளம்பறதுக்கு முன்னால வீட்டு மிஷின்ல ஏறிப் பாத்தேன்."

"ஒத்தக் கால வெச்சுப் பாத்தியா?"

அவர் முகம் சிவந்துபோனது. என்னைப் பார்த்து, "நீ எழுதிக்கோ நானி," என்றார். நான் எழுபது என்று எழுதிக்கொண்டேன். மாமா, அடுத்த வாசலிலேயே கோமா தீதியின் ஆப்பிள் தராசு இருக்கிறது, ஒரு மனிதன் நிற்கும் அளவுக்குப் பெரியது. "ஏறி நில்லுங்க சார்" என்று மூன்றே சொல். மூன்றும் என் தொண்டையில் வரிசையாக வந்து நின்றன. முதல் சொல் நகராததால் பின்னால் இருந்த இரண்டும் நகரவில்லை. சரி, உட்கார வைத்து வளையத்தையாவது பார்த்திருக்கலாம் அல்லவா? அதற்கு நான் முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, முகத்துக்கு நேரே அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். கரும்பலகை முன்னால் நிற்கப் பயந்தே எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். "ஃபோர்க் கேள்வி கேக்காது, வா" என்று சொல்லித்தானே என்னைக் கடைக்குக் கூட்டி வந்தீர்கள். ஆகவே வளையத்தையும் பார்க்கவில்லை. எழுபது கிலோவுக்கு உரிய காற்றை அளவு பிசகாமல் அடித்தேன். அது மட்டும் மிகச் சரியாக இருந்தது.

அடுத்தது பாதை ஒழுங்கு. அதை நீங்கள் ஒவ்வொருவரிடமும் நின்று சொல்வீர்கள், பாட்டு மாதிரி வரும்: மேலே ஏறி வருபவருக்கு வழி விடு. கோவேறு கழுதை வந்தால் இறங்கி மலைப்பக்கம் ஒட்டி நில், பள்ளத்துப் பக்கம் நிற்காதே. கல்லைச் சுற்றிப் போகாதே, ஃபோர்க் இருப்பதே கல்லின் மேல் போகத்தான். ஆளாளுக்குச் சுற்றிப் போனால் பாதை அகன்று வயலைத் தின்னும். மழை பெய்த மறுநாள் மேல்பாதைக்குப் போகாதே. பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு இறங்காதே. திருப்பத்தில் குரல் கொடு. இத்தனையையும் நான் எப்படிச் சொல்வேன்? ஆப்பிள் பெட்டி அட்டையில் எழுதிக் கைப்பிடியில் கட்டிவிட்டேன். குரல் கொடுப்பதை அட்டை செய்யாது. அதற்குத்தான் மணி.

இங்கே நான் மட்டும் குற்றவாளி இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே குடிசைகளுக்குக் கேஸ் சிலிண்டர் ஏற்றிப் போகும் கேசாங் தாஜு, போன வாரமே கடைக்கு வந்து, "நானி, உன் சைக்கிளுங்க பூனை மாதிரி சத்தமே இல்லாம வருது. என் கழுதைங்க பதறிப் போகுதுங்க. இந்தா, இதக் கட்டு," என்று மூன்று பித்தளை மணிகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் பெரிய மணி, அவருடைய பழைய முன்கழுதை ராணியின் கழுத்தில் கிடந்தது. ராணி போன குளிர்காலத்தில் செத்துப்போய், இப்போது வேறொரு கழுதை புது மணியோடு முன்னால் போகிறது, ஆனால் மற்றவை அதை மதிப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். ராணியின் மணியைக் கேட்டுக் கேட்டு ஆறு வருஷம் நடந்த கழுதைகள் அவை. இது கேசாங் தாஜுவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பெரிய மணியைப் பெரிய ஆளுக்குக் கட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை மூவரும் மேலே போய், பத்து மணிவாக்கில் இறங்கத் தொடங்கினார்கள். பிறகு நடந்ததை நான் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதுகிறேன். மானந்தர் சார் முன்னால். திருப்பத்தில் கேசாங் தாஜுவின் ஒன்பது கழுதைகள் காலி சிலிண்டர்களோடு நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. கேசாங் தாஜு ஒரு புதருக்குப் பின்னால் இருந்தார், ஏன் என்று கேட்கவில்லை. மானந்தர் சார் அவற்றைத் தாண்டியதும் அட்டையில் உள்ளபடியே இறங்கி, மலைப்பக்கம் ஒட்டி, மரியாதையாக நின்றார். கழுதைகள் போகட்டும் என்று அவர் காத்திருந்தார். அவர் போகட்டும் என்று கழுதைகள் காத்திருந்தன. கால் மணி நேரம் இப்படியே. கொசு கடித்ததோ என்னவோ, அவர் கொஞ்சம் அசைந்தார். மணி ஒலித்தது. ஒன்பதும் காதை நிமிர்த்தி ஒரு அடி வைத்தன. அவர் நின்றார். அவையும் நின்றன. "நண்பா, இதுங்க என்னையே பாக்குதுங்கடா," என்று அவர் கத்தினார். "பாக்கற மாதிரிதானே இருக்க," என்று பின்னாலிருந்து பதில் வந்தது. நண்பர்கள் கழுதைகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, அவர்களும் அட்டைப்படி மலைப்பக்கம் ஒட்டி நின்றார்கள். அட்டையில் நான் எழுதாதது ஒன்றே ஒன்று: கழுதைகள் உங்களையே பின்தொடர்ந்தால் என்ன செய்வது?

பதினொன்றுக்குத் தினமும் போலக் காற்று கிளம்பியது. இனி நிற்க முடியாது என்று அவர் ஏறி மிதித்தார். மணி கலகலவென்று ஒலித்தது. ஒன்பது கழுதைகளும், ராணி திரும்பி வந்துவிட்ட சந்தோஷத்தில், சிலிண்டர்கள் டமடமவென்று மோத, பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகக் கிளம்பின. அவர் பயந்து முன் பிரேக்கைப் பிடித்தார். காற்றுப் போதாத ஃபோர்க் அடிவரை அமுங்கியது, சைக்கிள் தலைகுனிந்தது, அவர் கைப்பிடிக்கு மேலாகப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு முன் பிரேக் பக்கமே விரலைக் கொண்டுபோகவில்லை. பின் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்து, பின்சக்கரம் சுற்றாமல் தரையைக் கீறிக்கொண்டே வர, அப்படியே ஊர்வரை வந்தார். முதலில் கண்ணில் பட்ட திறந்த கதவுக்குள் நுழைந்து சாத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். அது ஊர்த்தலைவர் முக்கியாவின் ஆப்பிள் தோட்டம். அறுவடை நேரம், கதவு அகலமாகத் திறந்திருந்தது. சாத்துவதற்குள் ஒன்பதும் உள்ளே வந்துவிட்டன. அதன் பிறகு அவரை யாரும் துரத்தவில்லை. எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

அரை மணி நேரத்தில் முக்கியா, பாதி கடித்த ஆப்பிள் ஒன்றைச் சாட்சியாகக் கையில் பிடித்துக்கொண்டு நம் கடை வாசலில் நின்றார்.

"உள்ள யாரு? எங்க உன் மாமன்?"

நான் மேற்கே கை காட்டினேன். போக்ரா தெற்கே இருக்கிறது, பதற்றத்தில் கை மாறிவிட்டது.

"வயித்துல கல்லுன்னு சொல்லிட்டு என் தோட்டத்துல கழுதைய விட்டுட்டுப் போயிருக்கான். பெட்டி கட்ட வெச்சிருந்த பழம்! மேல்பாதையப் போய்ப் பாத்தியா? கோடு கோடாக் கிழிச்சு வெச்சிருக்கானுங்க. சனிக்கிழமை கூட்டம். வீட்டுக்கு ஒரு ஆள். உன் மாமன் வீட்டுக்கு நீதான் வரணும். வந்து பதில் சொல்லணும்."

பதில் சொல்லணும் என்ற இரண்டு சொற்களை அவர் போன பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேல்பாதைக்குப் போனேன். மாமா, இந்த இடத்தை மாய்ஜு உரக்க வாசிக்க வேண்டாம். வாய்க்காலுக்குக் கீழே சரிவில் நாற்பது அடி தூரத்துக்கு ஒரே கோடு, என் உள்ளங்கை அகலம், இரண்டு விரல் ஆழம். இரவில் வாய்க்கால் தண்ணீர் கரை வழிந்து அந்தக் கோட்டுக்குள் இறங்கி, அதையே வழியாக்கிக்கொண்டு ஓடியிருந்தது. ஓரத்துக் கல் இரண்டு பெயர்ந்து கீழே கிடந்தன. நான் மண் அள்ளிப் போடப் போட அது கரைந்து போயிற்று. அங்கே உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. சைக்கிள் என்றாலே இப்படித்தான் கிழிக்கும் என்று ஊர் நினைக்கிறது. இது எப்படி நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயைத் திறக்காவிட்டால் சனிக்கிழமையோடு மேல்பாதையில் சக்கரம் கிடையாது. மேல்பாதை இல்லாவிட்டால் நம் கடைக்கு யார் வருவார்கள்? வாயைத் திறந்தால், தப்பு என் கையில் நடந்தது என்று நாற்பத்து மூன்று வீட்டுக்கும் தெரிந்துவிடும். இரண்டும் வேண்டாம் என்றுதான் வியாழக்கிழமை போனில் "ம்" என்றேன்.

இன்று காலை கோம்பா மடத்துக்கு முன்னால் இருக்கும் கல்தரையில் கூட்டம் கூடியது. வெறுங்கையோடு போனால் கையை எங்கே வைப்பது என்று தெரியாது, அதனால் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சின்னப் பம்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மானந்தர் சாரும் நண்பர்களும் ஊரைவிட்டுப் போகாமல், ஓரமாக வந்து நின்றார்கள். ஆப்பிளை இழந்தவரே நியாயம் சொல்ல உட்கார்ந்திருந்தார், வேறு முக்கியாவுக்கு எங்கே போவது?

கேசாங் தாஜு முதலில் எழுந்தார். "தோட்ட விஷயத்துல எனக்குச் சம்பந்தமே இல்ல. என் கழுதைங்க ராணி மணிக்குப் பின்னால போகும். மணி எங்க இருந்துச்சு? சைக்கிள்ல. அப்ப அந்த நேரத்துல கழுதைக்காரன் யாரு? சைக்கிள்காரன்."

"மணியக் குடுத்தது யாருய்யா?" என்று கோமா தீதி பெண்கள் பக்கத்திலிருந்து கேட்டார்.

"மணியத்தான் குடுத்தேன். கழுதையவா குடுத்தேன்?"

"நீ அப்ப எங்க இருந்த?"

"புதருக்குப் பின்னால."

"அங்க என்ன பண்ணிட்டிருந்த?"

"இதெல்லாம் கூட்டத்துல கேக்கற கேள்வியா, தீதி?"

கூட்டம் சிரித்தது. முக்கியா சிரிக்கவில்லை. "ஆப்பிள் அடுத்த வருஷமும் காய்க்கும். பாதை காய்க்காது," என்றார். "நம்ம பெரியவங்க கல்லு கல்லா அடுக்கின பாதை. சைக்கிள்னாலே தரையக் கீறிட்டுத்தான் போகும், அது அதோட சுபாவம். இனிமே மேல்பாதையில சக்கரம் கூடாதுன்னு நான் நெனைக்கறேன். டம்பர் வீட்டு ஆளு சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

நான் எழுந்து நின்றேன். மாமா, நாற்பத்து மூன்று வீட்டுக் கண்கள். நான் பேசவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் முக்கியாவுக்கு முன்னால் நிறுத்தி, இருக்கையைத் தட்டினேன்.

"என்ன, ஏறச் சொல்றியா? என்னையா?"

தலையாட்டினேன். நோட்டைத் திறந்து "எடை" என்ற இடத்தில் விரலை வைத்தேன். அவர் சுற்றிலும் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"அறுபத்தஞ்சு."

"பொய்," என்றேன்.

அது வாய் தவறி வந்தது என்று சொல்ல மாட்டேன். உள்ளே ஐந்து நாளாக நின்றுகொண்டிருந்த சொற்களில் எது முன்னால் நின்றதோ அது வந்தது. கோமா தீதிதான் முதலில், "அடியாத்தீ, பிபிஷாவுக்குக் குரல் இருக்கு!" என்றார்.

"யாரு பொய்? நானா?"

"எண்பதுக்கு மேல இருப்பீங்க," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நாலு பேர் ஓடிப்போய் ஆப்பிள் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முக்கியா ஏறினார். எண்பத்து நாலு. ஜாக்கெட்டைக் கழற்றினார், பூட்ஸைக் கழற்றினார். எண்பத்து ரெண்டரை. "காலையில திடோ கொஞ்சம் கூடுதலாச் சாப்பிட்டுட்டேன்," என்றார். "பதினேழு கிலோ திடோவா?" என்று கேசாங் தாஜு கேட்டார். அந்த நேரத்தில் அவர் அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை, மாமா. வேண்டுமென்றே அவர் சொன்ன அறுபத்தைந்துக்கே காற்றை வைத்து, ஏற்றி, சரிவில் நாலடி இறங்கி இரண்டு பிரேக்கையும் பிடிக்கச் சொன்னேன். ஃபோர்க் அடிவரை போய் முட்டியது. அவர் கைப்பிடியின் மேல் கவிழ்ந்தார், நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயோ, பல்லு கொட்டிரும் போலருக்கு!"

"பயமா இருக்கா, முக்கியா?"

"இருக்காதா பின்ன?"

"இப்ப மறுபடி முன் பிரேக் புடிப்பீங்களா?"

"உசிரு போனாலும் புடிக்க மாட்டேன்."

"அந்த சாரும் புடிக்கல. பின்னால மட்டும் புடிச்சாரு. பின்சக்கரம் சுத்தாம தரையக் கீறிட்டே போச்சு. அதுதான் கோடு. சுபாவம்லாம் இல்ல. காத்துப் பத்தல." அடுத்தது சொல்லத்தான் வேண்டும் என்று தெரிந்தது. "காத்து அடிச்சது நான். தராசுல ஏத்தி நிறுத்திருக்கணும், உக்கார வெச்சு வளையத்தப் பாத்திருக்கணும். வெக்கமா இருந்துச்சு. விட்டுட்டேன். தப்பு எங்க மாமாவுது இல்ல, சைக்கிளுது இல்ல. என்னுது."

பிறகு ஓரத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. மானந்தர் சார். "இல்ல, பொய் சொன்னது நான்," என்றார். "தொண்ணூத்தாறு."

அவருடைய நண்பர்கள் இந்த முறை இருமக்கூட இல்லை.

அதன் பிறகு முக்கியாவின் உண்மை எடைக்குக் காற்று அடித்தேன். முன்சக்கரத்தைக் கால்களால் இறுக்கி, கைப்பிடியைப் பிடித்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது, அதனால் எனக்குக் குறைந்தது. வளையம் நாலில் ஒரு பங்கில் நின்றது. சிவப்புத் திருகை இரண்டு சொடுக்கு திருப்பினேன். எடையைப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் மெல்லமாக, முட்டையைப் பிடிப்பது போலப் பிடிக்கச் சொன்னேன். ஊரே மேல்பாதைக்கு நடந்தது. அதே சரிவில் அவர் இறங்கினார். கல்லைச் சுற்றாமல் கல்லின் மேலேயே போனார். ஃபோர்க் அமுங்கி எழுந்தது, முன்சக்கரம் தரையை விடவில்லை. கீழே போய் நின்று திரும்பிப் பார்த்தார். எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தோம். டயர் தடம் இருந்தது, கோடு இல்லை. முக்கியா ஒரு நிமிஷம் யோசித்தார். "சரியாத் தெரியல. இன்னொரு தடவை போய்ப் பாக்கறேன்," என்றார். அப்படி ஐந்து தடவை பார்த்தார்.

தீர்ப்பு இது: மேல்பாதை நமக்கு உண்டு. ஆனால் தராசில் ஏறாத எவரும் சைக்கிளில் ஏறக் கூடாது. மழைக்குப் பிறகு முக்கியா போய்ப் பார்த்து, காய்ந்தது என்று சொல்லும்வரை பாதை அடைப்பு. ராணியின் மணியைக் கேசாங் தாஜு திரும்ப எடுத்துக்கொண்டு புது முன்கழுதைக்குக் கட்ட வேண்டும்; தோட்டத்துக்கு ஒன்பது நடை எரு கொண்டுவந்து போட வேண்டும். அட்டை செல்லாது, பாதை ஒழுங்கை ஒவ்வொருவருக்கும் நான் வாயால் சொல்ல வேண்டும். பாதைக்கும் வாய்க்காலுக்கும் வீட்டுக்கு ஓர் ஆள் வேலைக்குப் போகிறோமே, அதில் இனிமேல் சைக்கிள் கடை ஒரு தனி வீடு. உங்கள் வீட்டுக்கு ஓர் ஆள், கடைக்கு ஓர் ஆள். கடை வீட்டின் ஆள் என்று என் பெயரை எழுதியிருக்கிறார்கள், மாமா. நாற்பத்து நாலாவது வீடு. இன்றைக்கே மதியம் அந்தக் கோட்டைத் தூர்க்கப் போனோம். மானந்தர் சார் தூக்கி வந்த கற்களை மற்ற இருவரும் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. தொண்ணூற்றாறு கிலோவுக்கு இப்படி ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது என்று கோமா தீதி சொன்னார், சார் மிகவும் சந்தோஷப்பட்டார்.

ஆகவே எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது. நீங்கள் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். டாக்டர் சொன்ன இருபது நாளும் படுத்து, கஞ்சி குடித்து, நன்றாகத் தேறி, தசைன் பண்டிகைக்கு வந்தால் போதும். ஃபோர்க் கால்களைத் தினமும் துணியால் துடைக்கிறேன், கடையைப் பார்த்துக்கொள்கிறேன். மாய்ஜுவுக்கு என் வணக்கம், பக்கத்துக் கட்டிலில் முனகுகிறவருக்கும் சீக்கிரம் குணமாகட்டும். மலைக்காற்று உங்கள் முதுகுப்பக்கம் வீசட்டும், தையல் பிரியாமல் சேரட்டும், மருந்துச் சீட்டு குட்டையாகட்டும்.

உங்கள் அன்புள்ள
பிபிஷா லால்சன்

பின்குறிப்பு (ஞாயிறு மதியம்): நாளைக் காலைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பக் கவரில் போட்டு ஒட்டியும் வைத்திருந்தேன். இப்போது மாய்ஜு போன் செய்தார். நீங்கள் டாக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டு நேற்றே வெளியே வந்துவிட்டீர்களாம், பஸ் தாத்தோபானியைத் தாண்டிவிட்டதாம், மாலையில் இங்கே இருப்பீர்களாம். ஆகவே மேலே எழுதியது எதுவும் உங்களுக்கு வந்து சேராது. பரவாயில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு நானே வருகிறேன், எல்லாவற்றையும் வாயால் சொல்கிறேன். கடிதம் பையில் இருக்கும். நான் எங்கேயாவது நின்றுவிட்டால் அந்த இடத்திலிருந்து நீங்கள் படித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் இப்போதே எழுதி வைக்கிறேன், அதை வாயால் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. நேற்று வாடகைச் சைக்கிள் ஆறும் வெளியே போயிருந்தன. முக்கியாவை உட்கார வைத்தது, யாரும் தொடக் கூடாது என்று நீங்கள் சுவரில் மாட்டி வைத்திருக்கும் உங்கள் சொந்தச் சைக்கிளில். இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனவர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. உங்களை வரவேற்கப் பஸ் நிற்கும் இடத்துக்கு அதிலேயே வருகிறாராம்.